அலுமினியச் சவ்வு

மைக் செட் கடைப் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு ‘யூனிட்’ என்றால் தெரியும். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் உயரத்தில் கட்டும் குழாயின் பின்பக்கம் திருகி மாட்டப்படும் கனத்த உருளை. பாட்டு கரகரவென்று பிசிறடித்தால் கடைக்காரர் அதைக் கழற்றித் திறப்பார். உள்ளே சிறு கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு மெல்லிய வில்லை இருக்கும், விளிம்பில் சுற்றிய கம்பிச் சுருளோடு. அதுதான் டயாஃப்ரம். பழையதை எடுத்துப் புதியதை வைத்து மூடினால் குழாய் மறுபடியும் பாடும்.

லாஸ் ஏஞ்சல்ஸிலும் லண்டனிலும் டோக்கியோவிலும் ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவரில் பதித்து வைத்திருந்த ஆல்டெக், ஜேபிஎல் மானிட்டர் ஸ்பீக்கர்கள் இன்று பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. அவற்றுக்குள் இருப்பதும் இதே இயந்திரம்தான். அங்கே அதைக் கம்ப்ரெஷன் டிரைவர் என்கிறார்கள். வம்சம் ஒன்று, வேலை வேறு. குழாய் ஊருக்குச் சொல்கிறது. மானிட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளருக்குச் சொல்கிறது. அது சொன்னதைக் கேட்டு அவர் ஒரு குமிழைத் திருப்புகிறார், ஒரு மைக்கை அரையடி நகர்த்துகிறார், ஒரு குரலைத் தாழ்த்துகிறார். அந்தத் தீர்மானம் நாடாவில் ஏறி, இசைத்தட்டாகி, உலகமெங்கும் போய்விடுகிறது. ஐம்பது அறுபது வயதான ஒரு மானிட்டரில் டயாஃப்ரம் மாற்றுவதை வெறும் பழுதுபார்ப்பாக என்னால் நினைக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். ஒரு காலத்தின் தீர்ப்புகளெல்லாம் எந்தச் சவ்வின் வழியாக வந்தனவோ அந்தச் சவ்வில் கை வைக்கிறோம்.

இயந்திரத்தின் அடிப்படை 1920களில் பெல் ஆய்வகத்தில் ஈ.சி. வென்டே, ஏ.எல். துராஸ் என்ற இருவர் வகுத்தது. அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் தந்தது சில வாட் சக்திதான். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கை நிரப்ப வேண்டும். காகிதக் கூம்பு ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சக்தியில் நூற்றில் சில பங்கை மட்டுமே ஒலியாக்கும், மிச்சமெல்லாம் வெப்பமாகிப் போய்விடும். காற்று அவ்வளவு லேசானது. கூம்பு எவ்வளவு தள்ளினாலும் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஆகவே டயாஃப்ரமான உலோகக் குவிமாடத்தின் முகத்துக்கு எதிரே மிகச் சிறிய இடைவெளி விட்டு ஒரு உலோகக் கட்டையை நிறுத்தி, அதிலுள்ள குறுகிய பிளவுகள் வழியாக மட்டுமே காற்று வெளியேறும்படி செய்தார்கள். இந்த வகை டிரைவர்களில் பிளவுகளின் மொத்தப் பரப்பு குவிமாடத்தின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நெருக்குண்ட காற்று கனம் பெறுகிறது, குவிமாடத்துக்குத் தள்ள ஏதோ கிடைக்கிறது. அந்த அழுத்தத்தை ஹார்ன் என்ற குழாய் சிறிது சிறிதாக விரித்து அரங்கின் காற்றோடு சேர்க்கிறது. 1926இல் வைட்டாஃபோன் ஒலிப்படங்களோடு திரையரங்குகளுக்குள் நுழைந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 இப்படிப் பிறந்தது. நம் ஊர் யூனிட்டும் அதன் வழி வந்ததே.

நடுவில் நிற்கும் அந்தக் கட்டைக்கு ஃபேஸ் பிளக் என்று பெயர். குவிமாடத்தின் நடுவிலிருந்து கிளம்பும் ஒலியும் விளிம்பிலிருந்து கிளம்பும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் ஹார்னின் தொண்டைக்கு வந்து சேர வேண்டும். அதற்கெனக் கணக்கிட்டுக் குடைந்த பாதைகளைத் தருவது அதன் வேலை. டயாஃப்ரம் இதன் மேல் எத்தனை உயரத்தில் உட்காருகிறது என்பது ஒலியின் ஒரு பகுதி. காகிதத் தடிமனளவு மாறினாலும் உச்ச ஒலிகள் மாறும். மாற்று டயாஃப்ரம் வாங்கும்போது ‘அளவு பொருந்துமா’ என்ற கேள்விக்குத் திருகுத் துளைகள் பொருந்துகின்றன என்பது பாதி பதில்தான்.

ஆல்டெக் லான்சிங், ஜேபிஎல் இரண்டின் தொடக்கத்திலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது. இல்லினாய்ஸில் 1902இல் ஜேம்ஸ் மார்ட்டினியாகப் பிறந்து, ஜேம்ஸ் பி. லான்சிங் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். லாஸ் ஏஞ்சல்ஸில் 1927இல் சொந்த நிறுவனம் தொடங்கி, முப்பதுகளின் நடுவில் எம்ஜிஎம் நிறுவனத்தின் டக்ளஸ் ஷியரர் முன்னெடுத்த திரையரங்கு ஒலியமைப்புக்கு டிரைவர்கள் செய்தார். நிறுவனம் 1941இல் ஆல்டெக்கிடம் போனது, ஆல்டெக் லான்சிங் என்ற பெயர் வந்தது. 1946இல் வெளியேறி, பின்னாளில் ஜேபிஎல் ஆன நிறுவனத்தைத் தொடங்கினார். 1949இல், கடன் நெருக்கடிகளுக்கு நடுவில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் இறந்த பின் வந்த பத்தாண்டுகளில் இரு நிறுவனங்களின் டிரைவர்களும் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலின் காதுகளாகிவிட்டன. அதை அவர் பார்க்கவில்லை.

காதுகள் என்று சொல்வதில் மிகையில்லை. ஆல்டெக் 604 நாற்பதுகளில் வந்தது. 15 அங்குலக் கூம்பு, அதன் நடுவே துளைத்துக்கொண்டு வெளிவரும் சிறு ஹார்ன், அதன் பின்னால் 1.75 அங்குல அலுமினிய டயாஃப்ரம். முப்பது ஆண்டுக்கு மேல் அமெரிக்கக் கூடங்களில் அது ஏறத்தாழ இயல்பான தேர்வாக இருந்தது. அதன் தம்பியான 605ஏ கடல் தாண்டி, அறுபதுகளில் பீட்டில்ஸ் பாடல்கள் உருவான அபே ரோடு கட்டுப்பாட்டறைகளில் இருந்தது. ஹாலிவுட்டின் மாஸ்டரிங் லேப் 604க்குத் தானே ஒரு கிராஸோவர், அதாவது ஒலியைக் கூம்புக்கும் ஹார்னுக்கும் பிரித்தனுப்பும் மின்சுற்று, செய்தது. யூரெய் நிறுவனம் எழுபதுகளின் பிற்பாதியில் 813 என்ற மானிட்டரில் அதே 604ஐ நீலநிற ஹார்னோடு வைத்து, பின்னால் தள்ளி நிற்கும் டிரைவரின் ஒலி தாமதமாக வருவதை ஈடுகட்டக் கூம்பின் ஒலியையும் கொஞ்சம் தாமதப்படுத்தியது. பின்னால் வந்த 813 வடிவங்களில் ஆல்டெக் போய் ஜேபிஎல் டிரைவர் வந்தது. நிறம் அதே நீலம், டயாஃப்ரமோ டைட்டேனியம். பெயர் தொடர்ந்தது, கேட்டவர்களின் தீர்ப்பும் அப்படியே தொடர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி, இந்தச் சவ்வு ஏன் சாகிறது. அலுமினியத்துக்குக் களைப்பு வரும். எஃகு ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை வளைந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. ஒவ்வொரு வளைவும் கணக்கில் ஏறுகிறது. பெரிய ஜேபிஎல் டிரைவர்களில் தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. குவிமாடத்தைச் சுற்றியுள்ள நெளிவு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மடிந்து விரிகிறது. ஒருநாள் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடுகிறது. பியானோவின் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் சின்னதாக ஒரு சீறல் கேட்கும். நாடா வேகமாகச் சுழலும்போது எழும் கிறீச்சொலி, திடீரென்று ஊளையிடும் மைக், இவை காத்திருக்கவிடாமல் உடனே கொல்லும். போதாததற்கு மூடிக்குள் ஒட்டியிருக்கும் நுரைப்பஞ்சு நாற்பது ஆண்டில் பொடியாகி, காந்த இடைவெளிக்குள் உதிர்ந்து, கம்பிச் சுருளை உரசும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது, விற்பவர்களும் வாங்குபவர்களும் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. வேலை செய்த ஒரு கூடத்திலிருந்து வந்த மானிட்டரில் ‘அசல் டயாஃப்ரம்’ இருப்பது அபூர்வம். கூடங்கள் அதைத் தேய்ந்து தீரும் பொருளாகவே நடத்தின. அலமாரியில் உதிரி வைத்திருந்தார்கள், இரவில் போனால் காலைக்குள் மாற்றினார்கள். ஜேபிஎல் ஒவ்வொரு டிரைவரின் டயாஃப்ரத்துக்கும் தனி எண் தந்து, பின்மூடியைக் கழற்றினால் கைக்கு வரும்படி அமைத்தது. மிருதங்கத்தின் மூட்டு மாறிக்கொண்டே இருக்கும், பலாக்கட்டை தலைமுறை தாண்டும். அப்படி ஒரு பொருள் இது. எந்த வித்வானும் மூட்டு மாற்றியதால் தன் மிருதங்கம் வேறாகிவிட்டதாகச் சொல்வதில்லை, ஆனால் எந்தத் தோல், யார் கட்டியது என்று கட்டாயம் கேட்பார். நான் வற்புறுத்துவதும் இந்தக் கேள்வியைத்தான். மாற்றலாமா என்பது கேள்வியே இல்லை. எதைக் கொண்டு மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்று எளிதில் கிடைப்பது டைட்டேனியம். ஜேபிஎல்லின் 4343 போன்ற எழுபதுகளின் மானிட்டர்களில் இருக்கும் 2420 டிரைவருக்குள் பின்னால் வந்த 2425இன் டைட்டேனிய டயாஃப்ரம் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். புதியது, வலியது, ஆகவே மேலானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு குவிமாடம் உடையாமல் ஒரே பொருளாக அசைவதற்கு விறைப்பு வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். இரண்டின் விகிதத்தை அந்த உலோகத்துக்குள் ஒலி ஓடும் வேகம் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தில் நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர். டைட்டேனியத்திலும் ஏறத்தாழ அதேதான். அடர்த்தியோ அலுமினியத்துக்கு 2.7, டைட்டேனியத்துக்கு 4.5. அதாவது அதே தடிமனுக்கு டைட்டேனியம் கனமாக இருக்கிறது, விகிதத்தில் எந்த லாபமும் இல்லை. அது வெல்வது ஓரிடத்தில்தான்: களைப்பைத் தாங்குவதில். இரவெல்லாம் உச்ச ஒலியில் கத்தும் கச்சேரி மேடைகளுக்கு அது பெரிய வரம். எண்பதுகளில் ஜேபிஎல் அங்கே போனதற்கு நல்ல காரணம் இருந்தது. ஒரு மேசையிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு பெண்குரலின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. நான் கேட்ட டைட்டேனிய மாற்றங்களில் உச்சத்தில் ஒரு பளபளப்பு ஏறுகிறது, வயலினின் மேல் தந்தியில் வில்லின் பிசிர் முன்னால் வருகிறது. சிலருக்கு அது தெளிவு. எனக்கு அது அந்த மானிட்டர் பேசாத ஒரு மொழி.

பெரிலியம் வேறு கதை. அதற்குள் ஒலி நொடிக்குச் சுமார் 12,800 மீட்டர் ஓடுகிறது, அடர்த்தியோ 1.85தான். ஜேபிஎல்லிலிருந்து போன பார்ட் லோகாந்தி என்ற பொறியாளர் பயனியர் நிறுவனத்தின் டாட் பிரிவுக்காக எழுபதுகளின் இறுதியில் பெரிலிய ஆவியைப் படிய வைத்துச் செய்த நான்கு அங்குல டயாஃப்ரத்தைக் கொண்டு ஒரு டிரைவர் உருவாக்கினார். அதன் உடலமைப்பு பழைய ஜேபிஎல் டிரைவரின் நெருங்கிய உறவு. இன்று பழைய ஜேபிஎல்களுக்கே பெரிலிய டயாஃப்ரம் வாங்கலாம். அளந்து பார்த்தால் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. உடைந்தால் அதன் தூளை மூச்சோடு இழுத்துவிடக் கூடாது, நுரையீரலை அழிக்கும். வேலைக்கூடத்தில் இதைக் கவனமாகச் சொல்லித்தர வேண்டும்.

சரி, மேலானது கிடைக்கும்போது ஏன் பழைய உலோகத்தைத் தேட வேண்டும்? நான் இங்கே நின்று யோசிக்கிறேன். பழையது இனிமையாக இருந்தது என்ற பதில் எனக்குப் போதவில்லை. 604 பல இடங்களில் கரடுமுரடானது. அதன் ஒலியின் இடைப்பகுதி முன்னால் துருத்தும், மேல் எல்லையில் மெலியும். கேட்கச் சுகமானது என்று அதைப் பாதுகாக்க வேண்டியதில்லை.

காரணம் வேறொன்று. ஒரு மானிட்டர் இடைப்பகுதியை மிகைப்படுத்திக் காட்டினால் ஒலிப்பதிவாளர் அங்கே குறைப்பார். மேலே மெலிந்தால் மேலே கூட்டுவார். அவர் நேர்மையாகத் தன் வேலையைச் செய்கிறார், காதுக்குச் சரியென்று படும்வரை திருத்துகிறார். திருத்தம் முடிந்ததும் மானிட்டரின் பிழை பதிவுக்குள் தலைகீழாக ஏறிவிடுகிறது. ஃப்ளாய்ட் டூல் என்ற ஒலியியலாளர் இதைப் பல ஆண்டுகள் வற்புறுத்திப் பேசியிருக்கிறார்: ஸ்பீக்கரைக் கொண்டு பதிவைத் தீர்மானிக்கிறோம், அந்தப் பதிவைக் கொண்டு அடுத்த ஸ்பீக்கரைத் தீர்மானிக்கிறோம், இரண்டில் எது சரி என்று சொல்ல வட்டத்துக்கு வெளியே இடமில்லை. அவர் முடிவு, மானிட்டர்களை அளவீட்டின்படி சீராக்கி வட்டத்தை உடைக்க வேண்டும் என்பது. இனிமேல் செய்யப்போகும் பதிவுகளுக்கு அவர் சொல்வதே முற்றிலும் சரி. நடந்து முடிந்த பதிவுகளுக்கு அது பொருந்தாது. 1967இல் ஒரு அலுமினியச் சவ்வைக் கேட்டு எடுத்த முடிவை இன்றைய சீரான மானிட்டரில் கேட்கும்போது, கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் கேட்கிறோம். பித்தளை வாத்தியங்கள் ஏன் இப்படிக் குத்துகின்றன, குரல் ஏன் இப்படிப் பின்வாங்கியிருக்கிறது என்று பழைய நாடாக்களை மறுபதிப்புச் செய்பவர் குழம்பும் இடங்களில், அன்றைய மானிட்டர் ஒன்று உயிரோடிருந்தால் உதவும். அறை, கம்பிகள், தயாரிப்பாளரின் பிடிவாதம், தட்டு வெட்டும் ஊசியின் வரம்பு என்று எத்தனையோ நடுவில் இருக்கின்றன. மானிட்டர் அவற்றில் ஒன்றுதான். ஆனால் திருப்பிக் கட்டி எழுப்பக்கூடிய ஒன்று. எந்த மானிட்டரில் கேட்டு முடிவெடுத்தார்கள் என்பதை இசைத்தட்டின் உறையில் யாரும் அச்சிடுவதில்லை. பாடியவர், வாசித்தவர், படமெடுத்தவர் பெயரெல்லாம் இருக்கும்.

ஆகவே ஒலிக்காப்பகத்துக்காக வைத்திருக்கும் 604இல் அலுமினியம்தான் இருக்க வேண்டும், கூடியவரை அதே வகை நெளிவோடு. இப்போது செய்யப்படும் அலுமினிய மாற்றுகள் சிலவற்றில் குவிமாடம் மட்டும் உலோகம், சுற்று நெளிவு மைலார் பிளாஸ்டிக். அடங்கிய, நல்ல ஒலி. ஆயினும் நெளிவின் அதிர்வே பழைய டிரைவரின் உச்சத்தைத் தீர்மானித்தது. ஜேபிஎல்லின் 2440, 2441 இரண்டுக்கும் குவிமாடம் ஒன்றுதான், சுற்று நெளிவை வைர வடிவ மடிப்பாக மாற்றியதாலேயே 2441 மேல் எல்லையில் வெகுதூரம் போனது. விளிம்பை மாற்றினால் டிரைவர் மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வீட்டிலோ காபிக் கடையிலோ கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வடகிழக்கு ஜப்பானின் இச்சினோசெகியில் 1970இல் தொடங்கிய பேஸி என்ற ஜாஸ் கடை பழைய ஜேபிஎல்களைக் கொண்டே பேர் பெற்றது. அங்கே ஸ்பீக்கர் ஓர் இசைக்கருவி. உரிமையாளர் எது பிடிக்கிறதோ அதை வைக்கலாம், தன் ஆயுள் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கலாம்.

காந்தத்தையும் மறந்துவிடக் கூடாது. 1978இல் இன்றைய காங்கோவின் ஷாபா பகுதியில் மூண்ட சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. ஆல்னிகோ காந்தத்துக்குக் கோபால்ட் தேவை. ஜேபிஎல் உட்படப் பலர் ஃபெரைட்டுக்கு மாறினார்கள். பழைய ஆல்னிகோ காந்தங்கள் பலமான மின் பாய்ச்சலிலும் மோதலிலும் வலிமை இழக்கக்கூடியவை. அப்படி இளைத்த காந்தத்தில் புத்தம்புது அசல் டயாஃப்ரம் வைத்தாலும் ஒலி தாழ்ந்தே கேட்கும். வாங்கியவர் டயாஃப்ரத்தைக் குறை சொல்வார். முதலில் காந்தத்தை அளக்க வேண்டும், தேவையானால் மறுபடி காந்தமேற்ற வேண்டும்.

கைவேலை அதிகமில்லை, கவனம்தான் அதிகம். பின்மூடியைக் கழற்றும் முன் மேசையைத் துடைக்க வேண்டும். இரும்புத் தூள் ஒரு துளி இருந்தாலும் காந்தம் இழுத்துக்கொள்ளும். இரும்புத் திருப்புளி கை நழுவினால் டயாஃப்ரத்தின் நடுவில்தான் போய் விழும், பித்தளையோ காந்தம் ஒட்டாத வேறு உலோகமோ நல்லது. பழையதை எடுத்ததும் மடித்த ஒட்டுநாடாவை இடைவெளிக்குள் விட்டுச் சுற்றிலும் ஓட்ட வேண்டும், நாடா சுத்தமாக வெளிவரும்வரை. பொடிந்த நுரைப்பஞ்சைச் சுரண்டி எடுத்துப் புதியது ஒட்ட வேண்டும். சில டிரைவர்களில் வழிகாட்டி முளைகள் டயாஃப்ரத்தைத் தானாக நடுவில் நிறுத்தும். அவை இல்லாதவற்றில் திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, தாழ்ந்த அளவில் ஒரு ஒலியை மெல்ல ஏற்றியிறக்கிக் கேட்டு, உரசல் முற்றாகப் போகும் இடத்தைக் காது கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு எதுவும் கேட்கக் கூடாது, மின்விசிறி உட்பட.

8 ஓம், 16 ஓம் என்று இரு வகை டயாஃப்ரம் உண்டு. தவறானது மாட்டினாலும் பாடும், ஆனால் கிராஸோவரின் கணக்கு குலைந்து கூம்பும் ஹார்னும் சேரும் இடத்தில் ஒலி மேடும் பள்ளமுமாகும். இன்னொரு பொறி: ஜேபிஎல் பல பத்தாண்டுகள் தொழிலின் பொது வழக்கத்துக்கு எதிராகச் சிவப்பு முனையில் நேர்மின் தந்தால் கூம்பு உள்ளே போகும்படி செய்துவந்தது. வேறு நிறுவனத்தின் மாற்று டயாஃப்ரத்தில் நிறத்தை நம்பி இணைத்தால் திசை மாறிவிடும், சேருமிடத்தில் ஒரு பள்ளம் விழும். கேட்பவருக்குப் பிழை எங்கே என்று தெரியாது, ஏதோ குறைகிறது என்று மட்டும் படும். நிறத்தை விட்டுவிட்டு அளந்து பார்த்து இணைப்பதே சரி.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவு இரட்டிக்கும். ஆனால் நாற்பது ஆண்டு வளைந்த சவ்வும் நேற்று வந்த சவ்வும் ஒரே குரலை நடுவில் நிறுத்தாது. குரல் உயரும்போதெல்லாம் ஒரு பக்கம் சாயும். இடது வலது எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கவே இருந்த கருவியில் அந்தச் சாய்வு கூடாது.

அப்படிக் கழற்றும், இன்னும் உடையாத அந்த மற்றொரு டயாஃப்ரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழற்றும் முன் அதன் மின்தடையையும், மைக் வைத்து அதன் ஒலி வளைவையும் எடுத்துவிடுங்கள். டிரைவரின் எண், எந்தக் கூடத்திலிருந்து வந்தது, கழற்றிய தேதி, பதிலுக்கு என்ன வைத்தோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி, டயாஃப்ரத்தோடு தட்டையான அட்டைப்பெட்டியில் போட்டு, மானிட்டர் இருக்கும் அறையிலேயே வையுங்கள். விற்கும்போது பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.